உப்புக் காற்றில் கிற்றாரைச் சுவரில் கொளுவலாமா?

உப்புவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு அக்கூஸ்டிக், இரண்டு எலெக்ட்ரிக், இரண்டு பேஸ் என்று ஐந்து கிற்றார்கள் முன்னறை மூலையில் ஸ்டாண்டில் நிற்கின்றன. மூன்று வயது மகன் பந்தோடு ஓடியதில் ஒன்று சரிந்து பக்கத்தில் நின்றதையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. சுவரில் கொளுவினால் கழுத்து வளையுமா, கடற்காற்றுக்குப் பழுதாகுமா, புளொக் கல் சுவர் பாரம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொளுவலாம் தம்பி. நான் இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடுகளிலும் தேவாலயத்திலும் பேஸ் வாசிக்கிறவன். ஊரில் பலருடைய கிற்றார்களுக்குக் கம்பி மாற்றி, உயரம் சரிபார்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். என் வீட்டில் எந்த நேரமும் மூன்று நான்கு சுவரில் இருக்கும். பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் வீடுகளில் வயலினும் மண்டலினும் ஆணியில் தொங்குவதைச் சின்ன வயதிலேயே பார்த்ததால் எனக்கு இது புதினமாகவும் படவில்லை. ஆனால் என்னிடம் வருகிற எல்லோரும் எந்தக் கொளுவி வாங்குவது என்றுதான் தொடங்குகிறார்கள். திருகோணமலையில் அதற்கு முன்னால் எந்தச் சுவர் என்று கேட்க வேண்டும்.

கழுத்துப் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். எலெக்ட்ரிக் ஒன்று 3 முதல் 4 கிலோ இருக்கும், பேஸ் 4 முதல் 5 கிலோ, அக்கூஸ்டிக் 2 கிலோ சொச்சம். சரி, அதே கழுத்தைக் கம்பிகள் எவ்வளவு இழுக்கின்றன தெரியுமா? 12 இல் தொடங்கும் (இது கம்பியின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) அக்கூஸ்டிக் கம்பிச் செட் ஒன்றைச் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை ஏறக்குறைய 70 கிலோ வரும். வழமையான 45 முதல் 105 வரையான பேஸ் செட்டும் அதற்குக் குறைவில்லை. இரவு பகலாக அந்த இழுவையைத் தாங்குகிற கழுத்து, தன் உடம்பின் நாலு கிலோவுக்கா வளையப் போகிறது? அதுவும் அந்தப் பாரம் கழுத்தின் நீளத்தோடு நேராகக் கீழே இழுக்கிறது, வளைக்கிற பக்கமாக இழுக்கவில்லை. முன்பு தலை முறிந்து ஒட்டப்பட்டது, கழுத்து சேரும் இடத்தில் ஒட்டு விட்டுக் கோடு தெரிவது, இந்த இரண்டை மட்டும் கொளுவாதீர்கள். இன்னொன்று, சுவரில் இருக்கும்போது கம்பியைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தேவையில்லை. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புத் தண்டு, கம்பியின் இழுவைக்கு எதிராகச் சமன் செய்யப்பட்டது. கம்பியை மாதக் கணக்கில் தளர்த்தினால் அந்த ரொட் கழுத்தைப் பின்பக்கமாக வளைக்கும்.

இனிச் சுவருக்கு வருவோம். நம் ஊரில் இரண்டு காலம். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை வாடைக் காற்று, கடலிலிருந்து ஈரத்தையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வரும். வருட மழையில் பெரும்பங்கு அந்த நாலு மாதத்தில் கொட்டிவிடுகிறது. அப்புறம் வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று, மேற்கிலிருந்து உலர்ந்து சூடாக வீசும். கிற்றார் கொம்பனிகள் கேட்பது பொதுவாக 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். என் முன்னறையில் ஒரு சின்ன டிஜிற்றல் ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். மார்கழியில் அது 80க்கு மேலே நிற்கும், ஆடி மாத மத்தியானத்தில் 60க்குக் கீழே இறங்கிவிடும். கொம்பனி சொல்லும் அளவு நமக்குச் சும்மா கிடைக்காது. ஆனால் ஒரே வீட்டுக்குள் ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது, அதை நாம் தெரிவு செய்யலாம்.

கடலைப் பார்த்த வெளிச்சுவர் வேண்டாம். வாடை மழை நேராக அடித்து ஓதம் உள்ளே ஊறும். பெயின்ற் கொப்பளித்திருந்தாலோ, கீழ்ப்பக்கம் வெள்ளைத் தூள் பூத்திருந்தாலோ அந்தச் சுவரை மறந்துவிடுங்கள். பார்க்க நல்லாயிருக்கிற சுவரிலும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மழை நாளில் இரண்டு நாள் விடுங்கள். பிறகு பார்க்கும்போது பொலித்தீனின் உள்பக்கம் நீர் முத்துக்கள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மறுபக்கம் குளியலறை உள்ள சுவரும் வேண்டாம். மேற்கு வெளிச்சுவருக்கு வேறு வில்லங்கம். கச்சான் காலத்தில் பின்னேர வெயில் குடித்த சுவர் இரவு பத்து மணிக்கும் சுடும், கை வைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள உட்சுவர். வெயிலும் மழையும் தொடாத அதுதான் உங்கள் சுவர். யன்னல் வெயில் பகலில் எந்த நேரத்திலாவது அதில் விழுகிறதா என்று மட்டும் ஒரு நாள் பாருங்கள். கிப்சன் கொம்பனி 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் லெஸ் போல்களில் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறி மஞ்சளாகிப் போனது பிரபலமான கதை. இன்று அந்த வெளிறலுக்கே ஆட்கள் கூடக் காசு கொடுக்கிறார்கள். உங்களுடையதுக்கு அப்படிக் கொடுக்க மாட்டார்கள்.

உப்பு என்ன செய்யும் என்றால், மரத்தை விட இரும்பைத்தான் முதலில் பிடிக்கும். தை மாதம் ஒரு காலையில், ஒரு கிழமையாகத் தொடாத கிற்றாரை எடுத்து மெல்லிய கம்பியின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரக்கும், விரல் நுனி மண்ணிறமாக வரும். உடம்பில் கம்பிகள் பொருந்தும் பிரிட்ஜில், கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டுகளான சாடில்களைத் தூக்கி இறக்கும் சின்ன ஸ்குரூக்களின் தலையில் பூப்போலத் துரு கட்டியிருக்கும். அது இறுகினால் அலன் கீ உள்ளே பிடிக்காது, கம்பி உயரத்தை மாற்றவே முடியாமல் போகும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்பின் காந்த முனைகள், சுருதி கூட்டும் கீகளின் பற்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நான் செய்வது சின்ன வேலைகள். வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த பருத்தித் துணியால் அடியிலும் சேர்த்து வழித்துவிடுவேன். புரட்டாசி கடைசியில், மழைக்கு முன், தையல் மெசின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு அந்த ஸ்குரூக்களுக்கு ஒவ்வொரு துளி. பூச்சுப் பூசிய கம்பி விலை கூடத்தான், ஆனால் கடற்கரை வீட்டில் சாதாரணக் கம்பியை விட நின்று பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மழைக் காலத்தில் இரவில் கிற்றார்களின் மேல் பழைய பருத்திச் சாரத்தைப் போர்த்துவிடுவேன். மனைவி முதலில் சிரித்தா, இப்போது தானே போர்த்துவிடுகிறா. பொலித்தீன் மட்டும் போடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.

மரத்துக்கு ஈரம் செய்வதைச் சொல்லாமல் விட்டால் ஒரு கிற்றார் வீணாகும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு பையன் நல்ல அக்கூஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்தான். முகப்பலகை முழுமரம், ஒட்டுப்பலகை இல்லை. கார்த்திகையில் கம்பி உயர்ந்து விரல் வலிக்கிறது என்று யாரோ ஒருவரிடம் கொடுத்திருக்கிறான். அவர் கழுத்து வளைந்துவிட்டது என்று சொல்லி, பிரிட்ஜில் இருக்கும் வெள்ளை எலும்புச் சாடிலை அடியில் தேய்த்து உயரத்தைக் குறைத்துக் கொடுத்தார். வாசிக்கச் சுகமாக இருந்தது. ஆடி மாதம் என்னிடம் வரும்போது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் எதில் அமத்தினாலும் வண்டு மாதிரி இரைச்சல். நடந்தது இதுதான்: மழையில் முகப்பலகை ஈரம் குடித்து பிரிட்ஜடியில் வயிறு தள்ளியது, அதோடு சேர்ந்து கம்பியும் உயர்ந்தது. கச்சானில் பலகை காய்ந்து பழையபடி இறங்கியது, ஆனால் தேய்த்த எலும்பு திரும்பி வளருமா? புதுச் சாடில் போட வேண்டியதாயிற்று. ஆகவே உங்கள் அக்கூஸ்டிக்கின் முகப்பலகை முழுமரமா என்று முதலில் பாருங்கள். ஒலித்துளை விளிம்பைக் கிட்டப் பார்த்தால் தெரியும். மேலே ஓடும் மரக்கோடு அப்படியே விளிம்பில் இறங்கினால் முழுமரம், சாண்ட்விச் போல அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை என்றால் வருடம் முழுக்கச் சுவரில் இருக்கட்டும். முழுமரம் என்றால் ஐப்பசி முதல் தை வரை பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பைகளோடு. அந்தப் பையும் தானாக வேலை செய்துகொண்டே இருக்காது. ஈரம் குடித்து நிறைந்தால் ஓவனில் 120 பாகை செல்சியஸ் அளவில் ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்து உலர்த்திவிட்டுத் திருப்பிப் போட வேண்டும். சும்மா பெட்டிக்குள் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் பூஞ்சணம்தான் மிஞ்சும். எலெக்ட்ரிக்கும் பேஸும் தடித்த கட்டை, கனத்த பூச்சு. அவை இவ்வளவு நோகாது. வருடத்தில் இரண்டு முறை, வாடை தொடங்கியதும் கச்சான் தொடங்கியதும், கழுத்தைப் பாருங்கள். ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடம்போடு சேரும் ஃபிரெட்டிலும் அமத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் அருகில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரிக்குக் கால் மில்லிமீற்றர், பேஸுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. மாறியிருந்தால் ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்று திருப்பிவிட்டு ஒரு நாள் பொறுங்கள். அதற்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள்.

ஏசி அறையில் கொளுவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரவு முழுக்க ஓடி, காலையில் நிறுத்தி யன்னலைத் திறக்கும் அறை என்றால் குளிர்ந்த கிற்றார் மேல் கடற்காற்று பட்டு வியர்க்கும். முன்னறையே நல்லது.

இப்போது பாரம். வெட்கத்தை விட்டு என் கதையைச் சொல்கிறேன். முதல் வீட்டில் நான் கொளுவிய பேஸ் நடுச்சாமத்தில் விழுந்தது. 6 மில்லிமீற்றர் ரோல் பிளக் (ஸ்குரூவைப் பிடிக்கச் சுவர் ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) இரண்டு, ஸ்குரூ இரண்டு, கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் சுவர் உள்ளே பொந்துள்ள புளொக் கல். பூச்சும் கல்லின் மெல்லிய ஓடும்தான் பிளக்கைப் பிடித்திருந்தன, பிளக்கின் பின்பாதி வெறும் பொந்துக்குள் நின்றது. ஒவ்வொரு நாளும் எடுத்துக் கொளுவ, எடுத்துக் கொளுவ, ஓட்டை பெருத்து ஒரு நாள் பிளக்கோடு கையளவு பூச்சும் கழன்று வந்துவிட்டது. பேஸின் ஒரு கீ வளைந்தது, தரையில் ஒரு ரைல்ஸ் வெடித்தது. தட்டையான தலை உள்ள பென்டர் வகை என்பதால் தப்பியது. தலை பின்னால் சாய்ந்த கிப்சன் வகை என்றால் அந்த விழுகையில் கழுத்து முறிந்திருக்கும், அவை முறிகிற இடமே அதுதான்.

ஆணியில் விழும் கணக்கையும் பாருங்கள். கொளுவியின் கை சுவரிலிருந்து 12 சென்ரிமீற்றர் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கொளுவியின் அடி விளிம்பு சுவரில் உதைக்க, மேல் ஸ்குரூ வெளியே இழுபடுகிறது. 5 கிலோ பேஸ் என்றால் அந்த மேல் ஸ்குரூவில் 10 கிலோ போல இழுவை. மகன் பிடித்துத் தொங்கினால் கணக்கே வேறு.

சுவரைத் தட்டிப் பாருங்கள். பொந்தென்று கேட்டால் கொளுவியை நேராகச் சுவரில் போடாதீர்கள். ஒரு அங்குலம் தடித்த, ஐந்து அங்குலம் அகலமான பலகை ஒன்றை எடுத்து, அதைச் சுவரில் பல இடத்தில் பிடித்து, கொளுவிகளைப் பலகையில் முறுக்குங்கள். ஐந்து கிற்றாருக்கு ஏழு அடி நீளம் போதும். முதிரை கிடைத்தால் அருமை, தேக்கும் நல்லது, வேம்பு பாவித்தவர்களும் உண்டு. கறையான் ஏறும் ஊர் இது, மலிவான பைன் பலகையும் சிப்போட்டும் வேண்டாம். பலகைக்கு 8 மில்லிமீற்றர் பிளக், குறைந்தது மூன்று அங்குல ஸ்குரூ, முடிந்தவரை கல்லின் திடமான இடத்தில். ட்ரில் போடும்போது மெசின் திடீரென்று உள்ளே வழுக்கிப் போனால் அது பொந்து, பக்கத்தில் இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். கதவு நிலைக்கு மேலே ஓடும் கொங்கிறீட் லின்டல் அந்தச் சுவர் முழுவதும் தொடர்ந்தால் பலகையை அதிலேயே அடிப்பதுதான் என் விருப்பம். சுமார் ஏழு அடி உயரம், கொங்கிறீட் பிடித்தால் விடாது. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் ட்ரில் மோதினால் வற்புறுத்தாமல் இடத்தை மாற்றுங்கள். மெயின் சுவிட்சிலிருந்தும் பிளக் பொயின்ற்றிலிருந்தும் நேர் மேலே போகும் கோட்டில் வயர் ஓடும் என்று வைத்துக்கொண்டு அங்கே துளைக்காதீர்கள். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐந்து கொளுவிக்குப் பத்துப் பதினைந்து ஓட்டை என்பதை விடப் பலகைக்கு ஆறு ஓட்டை என்றால் அவரும் மனம் இறங்குவார்.

ஏழடியில் கொளுவினால் எலெக்ட்ரிக்கின் அடி தரையிலிருந்து நாலு அடிக்கு அருகில் நிற்கும், பேஸின் அடி அதைவிடக் கொஞ்சம் கீழே வரும். மூன்று வயதுக் கைக்கு இரண்டும் இலகுவில் எட்டாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேஸ் ஏறக்குறைய 117 சென்ரிமீற்றர் நீளம். கொளுவியிலிருந்து எடுக்க அதை மேலே தூக்கி முன்னுக்குச் சாய்ப்பீர்கள். தலை அப்போது எட்டு அடி உயரத்தில் அறைக்குள் வந்து நிற்கும், சுழல்கிற மின்விசிறிக்கு நேரே. என் நண்பர் ஒருவர் புதுப் பேஸின் தலையில் மூன்று வெட்டு வாங்கினார். விசிறியை நிறுத்திவிட்டு, விளக்குமாற்றைப் பிடித்து அந்தச் சாய்ப்பை ஒருமுறை ஒத்திகை பாருங்கள், அதற்குப் பிறகு பலகையின் இடத்தைக் குறியுங்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவே, கொளுவி மையத்திலிருந்து மையத்துக்கு, 40 முதல் 45 சென்ரிமீற்றர் விடலாம். அக்கூஸ்டிக்கின் அடிவயிறே 40 சென்ரிமீற்றர் வரும், ஆகவே அதை ஒரு ஓரத்தில் போட்டு, கொஞ்சம் கூட இடம் கொடுங்கள்.

கொளுவி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிற்றாரின் பாரத்தில் தானாகக் கை மூடும் ஹெர்குலிஸ் மாதிரி ஒன்று சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு நல்லது, பக்கத்திலிருந்து தட்டுப்பட்டாலும் இலகுவில் கழன்று விழாது. தலை ஒரு பக்கமாகக் கோணிய கிற்றார்களுக்கு, கழுத்தைத் தாங்கும் கவை சுழன்று கொடுக்கும் கொளுவியாகப் பாருங்கள். கவனிக்க வேண்டியது அந்தக் கையில் இருக்கும் ரப்பர். பழைய கிப்சன் போன்றவற்றில் நைட்ரோசெலுலோஸ் பூச்சு இருக்கும், அது ரப்பரோடும் வினைலோடும் ஒத்துப்போகாது. மாதக் கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் பூச்சு இளகி ஒட்டும், கறுத்த வளையம் விழும். நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரம் நடக்கும். உங்களுடைய எலெக்ட்ரிக்கும் பேஸும் இப்போது வருகிற சாதாரண மொடல்கள் என்றால் பெரும்பாலும் பொலியூரித்தேன் அல்லது பொலியெஸ்டர் பூச்சு, பயமில்லை. சந்தேகம் என்றால் கொளுவியின் கையைச் சுற்றிப் பருத்தித் துணி கட்டிவிடுங்கள். வினைல் ஸ்ட்ராப்பை உடம்பில் சுற்றித் தொங்கவிடும் பழக்கமும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

பேஸ் இரண்டில் ஒன்றாவது அக்டிவ், அதாவது உள்ளே பற்றரியில் ஓடும் வகை, என்றால் வயரைக் கழற்றிவிட்டுக் கொளுவுங்கள். செருகியபடி விட்டால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கணக்கில் வாசிக்காவிட்டால் பற்றரியையே எடுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே இருக்கும் வயர்கள் எல்லாம் பச்சை பூத்துவிடும்.

அப்புறம் நம் வீட்டு ஜீவராசிகள். சுவருக்கும் கிற்றாருக்கும் நடுவில் பல்லி குடியிருக்கும், எச்சம் பூச்சில் காய்ந்தால் சுரண்டக் கூடாது, ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். வேட்டாளன் குளவிக்கு அக்கூஸ்டிக்கின் ஒலித்துளை என்றால் கொள்ளைப் பிரியம். நாலு நாள் வெளியூர் போய் வந்து பார்த்தால் உள்ளே களிமண் வீடு கட்டி வைத்திருக்கும். ஒருமுறை எலெக்ட்ரிக்கில் வயர் செருகும் ஜக் ஓட்டைக்குள்ளேயே கட்டிவிட்டது, அம்ப் பழுது என்று நான் அரை நாள் தேடினேன். வெளியூர் போகும்போது ஓட்டைகளில் துணியை அடைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் ஐந்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மேலேற்ற வேண்டாம். பலகையை அடித்து, இரண்டு பேஸையும் முதலில் கொளுவுங்கள், பாரமானவை அவைதான். ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் எடுத்து வாசித்துத் திரும்பக் கொளுவுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வையுங்கள். கோடு விலகாமல் இருந்தால் எலெக்ட்ரிக் இரண்டும் ஏறட்டும். அக்கூஸ்டிக்கின் விளிம்பைப் பார்த்த பிறகு அதற்கு இடம் சுவரா பெட்டியா என்று முடிவு செய்யுங்கள். மகன் கீழே நின்று கையை நீட்டிக்கொண்டுதான் இருப்பான். அவனுடைய உயரத்தில் இன்னொரு கொளுவி போட்டு ஒரு சின்ன யூக்குலேலேயைத் தொங்கவிடுங்கள். அதை அவன் விழுத்தட்டும், பரவாயில்லை.